மூன்று தரம் செத்த பூட்டன்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்.
12.01.2025

அன்புள்ள யோசெப் அண்ணைக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்கள் சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் பரம சுகம் என்றுதான் எழுதுவீர்கள். அதை உங்கள் மகள் அக்னெஸிடம் விசாரித்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முற்றத்தில் உலாவுவீர்கள், நான் சொல்வது பேசாலை முழுவதற்கும் கேட்கும். தபால் கந்தோரிலேயே தலை வழுக்கையாகிப்போன மனுசனுக்குக் கடிதம் வந்தால் சந்தோசமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

முதலில் நல்ல செய்தி. மகள் அஜிதாவுக்கு மூன்றாம் மாதம். ஒன்றும் சாப்பிடுகிறாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரசம் வைத்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு மெற்றோவில் லவாலில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போகிறேன். போத்தலைத் திறந்தால் பெட்டியில் இருக்கிற சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அஜிதாவின் பிறந்தநாளுக்கு மருமகன் ஆரூரன் ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். உள்ளே ஒரு குழாய். அதற்குள் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால், நமது பரம்பரை எந்த நாட்டிலிருந்து வந்தது, உலகத்தில் யார் யார் நமக்கு இரத்த உறவு என்றெல்லாம் சொல்வார்களாம். என் மனுசன் அன்டன் பார்த்துவிட்டு, “துப்புறதுக்கும் இந்த ஊரிலை காசு குடுக்க வேணுமோ?” என்று கேட்டார். நத்தார் முடிய முடிவு வந்தது. அவளுக்குள் கொஞ்சம் ஸ்கொட்லாந்து இருக்கிறதாம். நமக்குத் தெரிந்ததுதானே என்று சிரித்தோம்.

அதோடு நிற்கவில்லை. இன்வர்னஸ் என்ற ஊரிலிருந்து ஐலீன் என்று ஒரு வயதான பெண் எழுதியிருக்கிறார். நமது வெள்ளைக்காரப் பூட்டன் டேவிட் மக்ரே அவருடைய தாத்தாவின் தம்பியாம். அஜிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை பிறக்க முன்னர் குடும்ப வரலாற்றை ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று நிற்கிறாள். பூட்டன் எப்போது வந்தார், எப்போது செத்தார் என்று உங்களிடம் இருப்பதை எழுதி அனுப்புங்கள். கோயில் பதிவையும் ஒருக்கால் பாருங்கள்.

அந்த மனுசி ஒரு கேள்வி கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. “டேவிட்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எப்படி இறந்தார்கள்? நரம்பு வருத்தம் யாருக்காவது இருந்ததா?” முகம் தெரியாத ஆட்களிடம் இப்படியா கேட்பது?

உங்கள் அன்புத் தங்கச்சி,
இமெல்டா


பேசாலை, மன்னார்.
09.02.2025

என் தங்கச்சி இமெல்டாவுக்கு அண்ணை எழுதுவது.

கடிதம் கிடைத்தது. முத்திரை அழகு, ஆனால் கோணலாக ஒட்டியிருக்கிறாய். எங்கள் தபால் கந்தோரில் என்றால் உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். அஜிதாவுக்கு நல்ல சேதி என்றதும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

பூட்டனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான். தலைமன்னாரில் இறங்குதுறை கட்டுகிற காலத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்த ஸ்கொட்லாந்துக்காரர். 1915இல் நமது கோயிலில் பூட்டி மதலேனாவைக் கைப்பிடித்தார். அவருடைய கண்தான் எனக்கு. இன்றைக்கும் ஊரில் நான் பூனைக்கண் போஸ்ட்மாஸ்டர். மனுசனுக்குக் குடிதான் எமன். நல்ல வெறியில் இறங்குதுறையால் நடந்து போய்க் கடலில் விழுந்து செத்தார். இதைச் சின்ன வயசில் எத்தனை தரம் கேட்டிருப்போம்.

நீ கேட்டபடியால் பாதரைப் பிடித்து மரணப் பதிவையும் பார்த்தேன். 1927, ஆவணி. காரணம் “காய்ச்சல்” என்று இருக்கிறது. நனைந்தால் காய்ச்சல் வரும்தானே! எழுதின சுவாமியார் பிரெஞ்சுக்காரர், உங்கள் ஊர் ஆட்கள் மாதிரி. அவருக்கு யார் என்ன சொன்னார்களோ. அஜிதாவின் புத்தகத்தில் கடலில் விழுந்தார் என்றே போடு, வாசிக்க நன்றாக இருக்கும்.

அந்த வெள்ளைக்காரிக்கு இப்படிப் பதில் எழுது. எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு வருத்தம், அது சாராயம். அப்பப்பா சவிரியான் குடித்துச் செத்தார். அப்பாவைக் கடலில் நேவி சுட்டது, அதற்கு வைத்தியமில்லை. அவ்வளவுதான் எங்கள் வரலாறு.

என்னிடமும் ஒரு சேதி இருக்கிறது. அக்னெஸுக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளை யாழ்ப்பாணம், வங்கியில் வேலை, நல்ல கத்தோலிக்கக் குடும்பம். ஓகஸ்ட் முப்பதாம் திகதி கலியாணம். அவளுடைய அம்மா இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நீயாவது வந்து நில்.

பழையதைக் கிண்டாதே இமெல்டா. இருக்கிறதை வைத்துப் புத்தகத்தை முடி.

அண்ணை,
யோசெப்


செயின்ட்-மிஷேல்,
09.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

அக்னெஸின் சேதியை வாசித்து அழுதேன். அண்ணியின் படத்துக்கு முன்னால் நின்றும் சொன்னேன். ஆனால் இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசியுங்கள்.

உங்கள் பதிலை ஐலீனுக்கு அனுப்பினேன். அவர் தங்கள் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பிறப்பு இறப்பெல்லாம் அதில்தான் எழுதுவார்களாம். “டேவிட், மணமாகாதவர், 1931இல் இன்வர்னஸ் மனநோய் மருத்துவமனையில் இறந்தார்.” மணமாகாதவராம்! பூட்டி கோயிலில் மாலை மாற்றியது என்ன கணக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் ஆண்டு கண்ணில் பட்டது. நம்மிடம் 1927இல் கடலில் ஒரு தரம், காய்ச்சலில் ஒரு தரம். அங்கே 1931இல் இன்னொரு தரம். ஒரு மனுசன் மூன்று தரம் சாவானா அண்ணை?

ஐலீனின் குடும்பத்தில் ஒரு வருத்தம் இருக்கிறது. ஹன்டிங்டன் என்று பெயர். நாற்பது ஐம்பது வயசுவரை ஆள் நல்லாயிருப்பார். பிறகு கையும் காலும் தன்பாட்டில் உதறும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், கோபம் வரும், கடைசியில் அறிவும் மாறும். மருந்தில்லை. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையாதான். வராத பிள்ளையோடு அது நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. ஐலீனின் தாத்தாவுக்கு வந்தது, தகப்பனுக்கு வந்தது, இப்போது தம்பிக்கு வந்திருக்கிறது. டேவிட் அதில்தான் செத்தார் என்கிறார்.

அப்பப்பா குடித்துச் செத்தவர், அது வேறு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். போன கிழமை இங்கே தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் ஜெகதீஸ்வரி அக்கா நமது கோயிலின் பழைய நூற்றாண்டு மலரைக் காட்டினா. அவவின் புருசன் பேசாலை, நீங்கள் அறிவீர்கள். அதில் ஒரு படம். மதுவிலக்குச் சபை, நடுவில் கதிரையில் தலைவர் சவிரியான் மக்ரே, 1966. அதற்குப் பிறகு ஆறே வருசத்தில் குடித்துச் செத்தாரா? அவர் சாகும்போது எனக்கு நாலு வயசு, ஒன்றும் ஞாபகமில்லை. உங்களுக்குப் பதினொன்று. அப்பப்பா உண்மையாகக் குடித்தவரா?

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவை நாற்பத்திரண்டு வயசில் சுட்டுவிட்டார்கள். அவருக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நேற்று மெற்றோவில் ஏறும் படியில் கால் இடறியது. பின்னால் நின்ற பொடியன், “சா வா, மடாம்?” என்று பிரெஞ்சில் சுகம் கேட்டுக் கையைப் பிடித்தான். வீட்டுக்கு வந்து குசினியில் ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன். அன்டன் கண்டுவிட்டு, “என்னப்பா, கொக்கு மாதிரி நிக்கிறாய்?” என்றார். நான் வேலை செய்கிற கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சூப் ஊற்றும்போது கரண்டியைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறேன்.

அஜிதாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஐலீனிடமும் என்னோடு மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. ஊரில் கலியாணக் கார்டுகளுக்கெல்லாம் உங்களைத்தானே பெயர் எழுதக் கேட்பார்கள்? இந்த முறை வந்த கடிதத்தில் எழுத்து ஏன் அப்படி இருக்கிறது? ஓடுகிற பஸ்ஸில் இருந்து எழுதினீர்களா?

இமெல்டா


பேசாலை,
06.04.2025

இமெல்டாவுக்கு,

தவக்காலத்தில் கோபப்படக் கூடாது. ஆனபடியால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பப்பா குடித்தவர். நான் கண்ணால் கண்டவன். பூசைக்குப் போகும்போது பக்கத்தில் நடந்தவன், சாராய மணம் என் மூக்கில் இன்னும் நிற்கிறது. நீ நாலு வயசில் என்னத்தைக் கண்டாய்? மதுவிலக்குத் தலைவர் என்றால் ஒளித்துக் குடித்திருப்பார். உலகத்தில் அவர் ஒருவர்தானா அப்படி?

எழுத்துக்கு ஒன்றுமில்லை. கண்ணில் வெண்படலம், பேனையும் சரியில்லை.

நீ என்ன செய்கிறாய் என்று யோசித்தாயா? அக்னெஸின் கலியாணம் பேச்சோடு நிற்கவில்லை, உயிர்த்த ஞாயிறு கழிய நிச்சயார்த்தம். மாப்பிள்ளை பகுதியார் எல்லாம் விசாரித்துத்தான் வந்தவர்கள். “பெண்ணின் குடும்பத்தில் பரம்பரை வருத்தம்” என்று ஒரு சொல் காற்றில் போனால் போதும், அடுத்த நாள் தட்டுத் திரும்பி வரும். அதற்குப் பிறகு அவளை யார் கேட்டு வருவார்கள்? வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற அஜிதாவையும் ஏன் வெருட்டப் பார்க்கிறாய்? மருந்தில்லை என்று நீயே எழுதுகிறாய். மருந்தில்லாத வருத்தத்துக்குப் பெயர் எதற்கு?

அந்த வெள்ளைக்காரியோடு எழுத்தை நிற்பாட்டு. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ போடு. அக்னெஸுக்கு ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்று அம்மாவின் பெயரில் எனக்குச் சத்தியம் எழுதி அனுப்பு.

யோசெப்


செயின்ட்-மிஷேல்,
11.05.2025

அண்ணைக்கு,

சத்தியம் கேட்டீர்கள். அதை எழுதத்தான் பேனையை எடுத்தேன். அதற்கு முதல் நான் கண்டதைச் சொல்ல வேண்டும்.

ஐலீன் அந்த மருத்துவமனையின் பழைய குறிப்பை எடுத்து அனுப்பியிருக்கிறார். 1929இல் ஒரு வைத்தியர் எழுதியது. “நோயாளி இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவர். கை கால்கள் ஓய்வதில்லை. குடிகாரன் என்று கப்பலில் தன்னைக் கட்டி வைத்தார்கள் என்று அழுகிறார். தான் ஒரு நாளும் குடித்ததில்லை என்கிறார். சவிரி, சவிரி என்று கூப்பிடுகிறார். அது யார் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை.”

எனக்குத் தெரியும்தானே அண்ணை. அப்பப்பாவுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும்.

அதோடு தன் தம்பி நடக்கிற வீடியோ ஒன்றையும் அனுப்பினார். வருத்தம் தொடங்கும்போது எப்படி இருக்கும் என்று நான் கேட்டிருந்தேன். ஒரு மனுசன் தோட்டத்தில் நடந்து வருகிறார். இடது கால் கொஞ்சம் முந்துகிறது. தோள் ஒரு தரம் உதறுகிறது. அந்த உதறலை மறைக்கிறதற்காகத் தலைமுடியைக் கோதுகிற மாதிரிக் கையைத் தூக்குகிறார்.

அடுத்த நாள் அக்னெஸ் நிச்சயார்த்த வீடியோவை வட்ஸ்அப்பில் போட்டாள். பிள்ளை எவ்வளவு வடிவு! நீங்கள் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறீர்கள். வேட்டி கட்டியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் தகப்பனைக் கூட்டிவர நாலு அடி நடக்கிறீர்கள். இடது கால் முந்துகிறது. தோள் உதறுகிறது. கையைத் தூக்கித் தலையைக் கோதுகிறீர்கள். உங்கள் தலையில் கோத என்ன இருக்கிறது?

வீடியோவுக்குப் பின்னால் யாரோ சிரித்துக்கொண்டு சொல்லுகிறார்கள், “மாஸ்டர் விடியவே போட்டிட்டார்.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல்கனியில் போய் நின்றேன். குளிர்கூடத் தெரியவில்லை.

அண்ணை, நீங்கள் எப்போது குடிக்கப் பழகினீர்கள்? பியர் மணத்துக்கே ஓங்காளிக்கிற ஆள் நீங்கள். என் கலியாணத்தில் அன்டனின் சிநேகிதர்கள் உங்களுக்கு ஊற்றிக் கொடுக்கப் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. மறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்கு வந்திருந்தால் அது அப்பாவிடமிருந்துதான் வந்தது. அப்படியென்றால் எனக்கும் பூவா தலையாதான்.

இமெல்டா


பேசாலை,
08.06.2025

தங்கச்சி,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்து விளங்காவிட்டால் மன்னித்துக்கொள். ஒரு பக்கம் எழுதி முடிக்கக் காலைப்பொழுது போய்விடுகிறது.

நான் குடிப்பதில்லை.

இரண்டு வருசமாக இது இருக்கிறது. வெள்ளைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமென்று இல்லை. பெயர்தான் தெரியாது. அப்பப்பாவில் கண்டதை என் காலில் கண்டேன். முதல் நாள் கோப்பை கையிலிருந்து பறந்தபோதே விளங்கிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அப்பப்பா ஒரு துளி குடித்ததில்லை. அவருக்குக் கை கால் ஆடத் தொடங்கியபோது வீட்டில் கலியாணத்துக்கு மூன்று குமர்ப்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடும்போது அப்பம்மா போத்தலைக் கொண்டுவந்து அவருடைய சட்டையில் சாராயத்தைத் தெளிப்பா. நெஞ்சில் கொஞ்சம், தோளில் கொஞ்சம். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மதுவிலக்குச் சபைக்குத் தலைமை வகித்த மனுசன் கையை விரித்துக்கொண்டு நிற்பார். ஊர் சிரித்தது, சபையிலிருந்தும் விலக்கியது. மாமிமார் மூன்று பேருக்கும் நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. குடிகாரனின் பிள்ளையை யாரும் கட்டுவார்கள் இமெல்டா. வருத்தக்காரனின் பிள்ளையைக் கட்டமாட்டார்கள்.

பூட்டனைக் கப்பலில் ஏற்றியது உண்மை. இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்களாம். பூட்டி பெடியனுக்குத் தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லி, இரங்கற்பூசை ஒப்புக்கொடுத்து, சேமக்காலையில் கல்லறைக் கல்லும் வைத்தா. புருசன் விட்டுப்போனவள் என்ற பெயரைவிடக் கைம்பெண் என்ற பெயர் அவவுக்குப் பெரிது. அந்தக் கல்லுக்குக் கீழே ஒருவரும் இல்லை. பிறகு அப்பப்பாவைக் குடிகாரன் ஆக்கியபோது, தகப்பனும் குடிகாரன் என்றால்தான் பொருந்தும் என்று அப்பம்மா பூட்டனையும் குடிக்க வைத்துக் கடலில் தள்ளிவிட்டா. உன் மூன்று சாவுக்கும் கணக்குச் சரி.

நானும் சட்டையில்தான் தெளிக்கிறேன். அக்னெஸ் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போன பிறகு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போது நெஞ்சு வெடிக்கும். ஆனால் பயம் அதைவிடப் பெரிது. என் வருத்தத்துக்குப் பயமில்லை. அவளுக்கும் அது இருக்குமோ என்று நினைத்தால் மூச்சு வருகுதில்லை, ஆகையால் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். கலியாணம் முடிந்து அவள் யாழ்ப்பாணம் போகட்டும். அதுவரை வாயைக் கட்டு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அண்ணை


செயின்ட்-மிஷேல்,
29.06.2025

என் அண்ணைக்கு,

கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். உங்களைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருக்கிறது. உங்களோடு சண்டை பிடிக்கவும் வேண்டும்.

இங்கே மருத்துவமனையில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. போனேன். இரத்தம் எடுக்க முன்னர் இருத்தி வைத்துக் கதைக்கிறார்கள். “உங்களுக்கு அறிய விருப்பமா? அறியாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது” என்று அந்தப் பெண் சொன்னா. அறியாமல் இருக்கிற உரிமை வேண்டுமென்றால், அப்படி ஒன்று இருக்கிறது என்றாவது முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? அக்னெஸுக்கும் அஜிதாவுக்கும் நாம் அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

கலியாணம் முடியட்டும் என்கிறீர்கள். ஒரு வருசத்தில் அவளும் பிள்ளை பெறுவாள். பிறகு எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

சரி, ஒரு உடன்படிக்கை. நான் வாயைத் திறக்கமாட்டேன், அம்மாமேல் ஆணை. ஆனால் நீங்கள் சொல்லுங்கள். ஓகஸ்ட் பத்தாம் திகதி கோயிலில் முதலாம் ஓலை வாசிப்பார்கள். “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும்” என்று பாதர் கேட்கும்போது நீங்கள் முன்வாங்கில் இருப்பீர்கள். அதற்கு முன்னர் அக்னெஸிடம் சொல்லுங்கள். நான் அஜிதாவிடம் சொல்கிறேன். எனக்கும் நடுங்குகிறது, வருத்தமா பயமா என்று தெரியவில்லை.

பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

இமெல்டா


மின்னஞ்சல்
21.07.2025

அன்புள்ள மாமிக்கு,

கடிதம் எழுதினால் அப்பா கண்டுவிடுவார். ஆனபடியால் பள்ளிக்கூடக் கணினியில் இருந்து எழுதுகிறேன். உங்களிடமிருந்து போன கிழமை கடிதம் ஒன்று வந்தது. அப்பா வாசித்துவிட்டு அடுப்பில் போட்டார்.

மாமி, அப்பா சரியான குடி. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மா போன கவலை என்று முதலில் பொறுத்துக்கொண்டேன். இப்போது விடியவே மணக்கிறது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பார்க்க வந்தார்கள். அப்பா அவர்களுக்கு முன்னால் படியில் விழுந்துவிட்டார். தூக்கப் போன தாய்மாமாவின் கையையும் தட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியதை நான் கண்டேன்.

அவர்கள் போன பிறகு நான் பொறுக்காமல் கத்திவிட்டேன். “குடிகார அப்பாவோடை நான் கோயிலுக்குள்ளை நடந்து வரமாட்டன். மாமா கூட்டிக்கொண்டு வரட்டும்” என்றேன். அப்பா கோபப்படவில்லை. “ஓம் பிள்ளை, அது நல்லது” என்றார். அழுதாரா என்று தெரியவில்லை, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா உங்கள் சொல்லைத்தான் கேட்பார். கலியாணத்துக்கு முன்னர் குடியை விடச் சொல்லி நல்ல பேச்சாக ஒரு கடிதம் எழுதுங்கள் மாமி. இப்படியே விட்டால் குடித்துச் செத்துப்போவார். அப்பப்பா குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தானாமே.

அன்பு மருமகள்,
அக்னெஸ்


மின்னஞ்சல்
27.07.2025

என் அக்னெஸுக்கு,

இதைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்காதே. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு வாசி.

உன் அப்பாவுக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அதை இப்போது உடைக்கிறேன். குடியை விடச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதக் கேட்டாய். எழுத உட்கார்ந்தேன். அண்ணைக்கு என்று எழுதியதற்கு மேல் பேனை போகவில்லை.

அவருக்கு இருப்பது வருத்தம். ஹன்டிங்டன் என்று பெயர். வெள்ளைக்காரப் பூட்டனிடமிருந்து எங்கள் அப்பப்பா சவிரியானுக்கு வந்து, அவரிடமிருந்து நீ காணாத உன் தாத்தாவுக்கு வந்து, அவரிடமிருந்து உன் அப்பாவுக்கு வந்திருக்கிறது. நடை தள்ளாடுவதும், கை தட்டிவிடுவதும், விழுவதும் அதுதான். உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். செய்வதா விடுவதா என்பது உன் விருப்பம், யாரும் உன்னை வற்புறுத்த முடியாது. எனக்கும் அப்படியே. போன செவ்வாய் இரத்தம் கொடுத்தேன், முடிவு வரக் கிழமைகள் செல்லும்.

உன் மச்சாள் அஜிதாவிடம் முதலில் சொன்னேன், இந்த மாதத் தொடக்கத்தில். நிறைவயிற்றோடு இருக்கிற பிள்ளையிடம் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அவள் சாப்பாட்டைக்கூட எடுக்காமல் லவாலுக்குப் போய்விட்டாள். பல நாள் போன் எடுக்கவில்லை. நான் அவளை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் இரத்தம் கொடுக்கிற இடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். “ஏன் அம்மா இவ்வளவு நாளும் தனியப் பயந்துகொண்டு திரிஞ்சனீங்கள்?” என்று கேட்டாள். அதை விடப் பெரிய ஏச்சு எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன்னுடையது. அவர் போனாலும் போகலாம். நீ அழுவாய், எனக்குத் தெரியும். என்மேல் கோபம் வந்தால் போனெடுத்துத் திட்டு, எந்த நேரமும் எடுப்பேன். ஓலை வாசிக்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அது உன் கலியாணம், என்ன ஏது என்று தெரிந்துகொண்டு நீ முடிவெடு.

அண்ணை இனி எனக்கு எழுதமாட்டார். தன் மானத்தை விற்றுச் சேர்த்ததை நான் ஒரு கடிதத்தில் கொட்டிவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டால் மன்னிப்பார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நீ அவரிடம் சண்டைக்குப் போகாதே. ஒன்றும் கேட்கவும் வேண்டாம்.

உன் அப்பா தன் வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை அக்னெஸ். நீ வேலைக்குப் போன பிறகு சாராயத்தை எடுத்துத் தன் சட்டையில் தெளித்துக்கொள்கிறார், உனக்கு ஒரு கலியாணம் நடக்க வேண்டும் என்று. இப்போது எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிப் பார். சட்டைதான் மணக்கும், வாய் மணக்காது.

மாமி,
இமெல்டா